கருப்பைவாய்ப் பரிசோதனை அறிக்கை: அச்சத்தை விற்கும் சந்தையும் அறியும் உரிமையும்

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்கள் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் புதிதாக ஆளாயினர். ஏறத்தாழ 80 ஆயிரம் பெண்கள் அந்நோயால் மாண்டனர். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அளிக்கும் மதிப்பீடு இது. மற்றப் புற்றுநோய்கள் பலவற்றுக்கும் இதற்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. இந்நோய் திடீரெனத் தோன்றுவதில்லை. கிருமித் தொற்றிலிருந்து புற்றாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து முதல் இருபது ஆண்டுகள் ஆகின்றன. இந்த நெடிய இடைவெளியில் எளிய பரிசோதனை ஒன்றினால் அதைக் கண்டறியலாம். சிறிய சிகிச்சை ஒன்றினால் தடுத்துவிடலாம். ஆகவே, இந்த 80 ஆயிரம் மரணங்களில் மிகப் பெரும்பாலானவை விதியால் நேர்ந்தவை அல்ல. பொதுச் சுகாதார அமைப்பின் தோல்வியால் நேர்ந்தவை.

இத்தோல்விக்கு இரண்டு முகங்கள் உள்ளன. முதல் முகம் அனைவரும் அறிந்தது: பரிசோதனையே நடப்பதில்லை. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் வாழ்நாளில் ஒருமுறையேனும் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 1.9 விழுக்காட்டினர் மட்டுமே. இரண்டாவது முகம் அதிகம் பேசப்படாதது. பரிசோதனைக்குச் சென்ற சிறுபான்மைப் பெண்களின் கையில் ஒரு தாள் தரப்படுகிறது. அதில் உள்ளவை அவர்கள் அறியாத மொழியின், அறியாத சொற்கள். அச்சொற்களின் பொருளைச் சொல்லும் அதிகாரம் முழுவதும் எதிரே அமர்ந்திருப்பவரிடம் இருக்கிறது. அவர் பொது மருத்துவமனையின் பணிச்சுமையில் திணறும் மருத்துவராக இருந்தால், விளக்கச் சொல்ல நேரமிருப்பதில்லை. கருப்பையை அகற்றுவதற்குக் கட்டணம் பெறுபவராக இருந்தால், அத்தாளே ஒரு விற்பனைக் கருவியாகிவிடக்கூடும்.

எனவே அந்தத் தாளில் எழுதப்பட்டிருப்பவை என்ன, அவற்றில் எது அஞ்சத்தக்கது, எது அஞ்சத் தேவையற்றது என்பதை அறிந்துகொள்வது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று. மாதர் அமைப்பிலும் தொழிற்சங்கத்திலும் பணியாற்றும் ஒவ்வொரு தோழரும் அறிந்திருக்க வேண்டிய அரசியல் விஷயம்.

இருவகை அறிக்கைகள்

முதலில் அறிய வேண்டியது, அறிக்கைகள் இரு வகைப்படும் என்பது. ஒன்று செல் பரிசோதனை அறிக்கை. கருப்பையின் வாய்ப்பகுதியிலிருந்து செல்களை மெல்லச் சுரண்டி எடுத்து, கண்ணாடித் தகட்டில் பூசி, நுண்ணோக்கியில் பார்ப்பது. ‘பாப் ஸ்மியர்’ என்று அழைக்கப்படுவது இதுவே. இது சந்தேகத்தை எழுப்புமே தவிர, நோயை உறுதிப்படுத்தாது. மற்றொன்று திசுப் பரிசோதனை அறிக்கை, அதாவது பயாப்சி. சந்தேகத்துக்குரிய இடத்தை உருப்பெருக்கிக் கருவியால் பார்த்து, சிறு துணுக்கை வெட்டி எடுத்து ஆராய்வது. நோய் உண்டா, எந்த நிலையில் உள்ளது என்பதை இதுதான் சொல்லும். பாப் ஸ்மியர் முடிவை மட்டும் காட்டி, திசுப் பரிசோதனை எதுவுமின்றி, கருப்பையை எடுத்துவிட வேண்டும் என்று ஒருவர் கூறினால் அங்கேயே கேள்வி எழுப்பப்பட வேண்டும்.

‘மாதிரி போதுமானதாக இல்லை’ என்றும் சில அறிக்கைகள் வரும். நோய் இருக்கிறது என்றோ இல்லை என்றோ அதற்குப் பொருள் கொள்ளலாகாது. பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள். வேலை நாளின் கூலியை இழந்து வந்த பெண் இரண்டாம் முறை வருவதில்லை என்பதால், இந்த வரி பல நேரங்களில் ஒரு முற்றுப்புள்ளியாகிவிடுகிறது.

அச்சுறுத்தும் பெயர்கள், தீங்கற்ற நிலைகள்

கருப்பைவாயின் வெளிப்புறத்தைத் தட்டையான செல்களும் உட்புறத்தை சுரப்பிச் செல்களும் போர்த்தியுள்ளன. இரண்டும் சந்திக்கும் எல்லைப் பகுதி வாழ்நாள் முழுவதும் மாறிக்கொண்டே இருக்கிறது. சுரப்பிச் செல்கள் இருந்த இடத்தில் தட்டைச் செல்கள் உருவாகும் இயல்பான மாற்றத்துக்கு ‘ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா’ என்று பெயர். பெயர் அச்சமூட்டினாலும் அது நோயன்று. சுரப்பிகளின் வாய் அடைபடுவதால் தோன்றும் ‘நபோதியன்’ நீர்க்கட்டிகளும் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாதவை.

‘நாள்பட்ட செர்விசைட்டிஸ்’ என்ற சொல் இந்திய அறிக்கைகளில் மிக அதிகமாகக் காணப்படுவது. நாள்பட்ட அழற்சி என்பது அதன் பொருள். குழந்தை பெற்ற பெண்களின் திசுவில் இத்தகைய அழற்சிச் செல்கள் காணப்படுவது மிகச் சாதாரணம். வெள்ளைப்படுதல், வலி, துர்நாற்றம் ஆகியவை இருந்தால் தொற்றைக் கண்டறிந்து மருந்தால் குணப்படுத்தலாம். இது புற்றுநோயன்று, புற்றுநோயின் முதற்படியுமன்று.

அடுத்தது ‘கர்ப்பப்பை வாய்ப் புண்’. உட்புறச் சுரப்பிப் படலம் வெளியே சற்று விரிந்து சிவப்பாகத் தெரிவதைப் பழைய மருத்துவ நூல்கள் ‘அரிப்பு’ என்று அழைத்தன. உண்மையில் அங்கே புண் எதுவும் இல்லை. இளம் பெண்களிடமும், கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை உட்கொள்பவர்களிடமும் இயல்பாகவே காணப்படும் நிலை இது. எனினும் ‘புண் இருக்கிறது, விட்டால் புற்றாகிவிடும்’ என்ற ஒற்றை வாக்கியம் எத்தனையோ ஏழைப் பெண்களை அறுவை மேசைக்கு அனுப்பியிருக்கிறது.

அறிக்கை ‘புற்றும் இல்லை, புற்றுக்கு முந்தைய மாற்றமும் இல்லை’ என்று கூறினாலும் ஓர் எச்சரிக்கை அவசியம். உடலுறவுக்குப் பின் இரத்தப்போக்கு, மாதவிலக்கு நின்ற பின் இரத்தப்போக்கு, இரத்தம் கலந்த துர்நாற்றக் கசிவு ஆகியவை இருந்தால், தாளில் எது எழுதியிருந்தாலும் மருத்துவர் மீண்டும் நேரில் பார்க்க வேண்டும்.

தொற்றும் தொடக்க நிலை மாற்றமும்

கருப்பைவாய்ப் புற்றுநோய் ஏறத்தாழ அனைத்துக்கும் காரணம் ஹெச்.பி.வி. எனப்படும் வைரஸ். இதை நிறுவிய ஜெர்மானிய அறிவியலாளர் ஹரால்ட் சூர் ஹாசனுக்கு 2008ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. இவ்வைரஸின் பல வகைகளில் 16, 18 என எண்ணிடப்பட்ட இரண்டு மட்டுமே உலகில் இப்புற்றுநோயின் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்குக் காரணமாக உள்ளன.

பாலுறவு வாழ்வு உடைய ஆண், பெண் இருபாலரிலும் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இத்தொற்றுக்கு ஆளாகின்றனர். அவர்களில் பெரும்பாலோரின் உடல், ஓரிரு ஆண்டுகளில் தானே அதை வென்றுவிடுகிறது. தொற்று பல ஆண்டுகள் வெளித்தெரியாமல் உறைந்து கிடக்கவும் கூடும். எனவே அறிக்கையில் இப்பெயரைக் கண்டதும் பெண்ணின் ஒழுக்கத்தை விசாரிக்கத் தொடங்குவது அறிவியலுக்கும் மனித மாண்புக்கும் எதிரானது. யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை எந்த அறிக்கையாலும் சொல்ல முடியாது. இந்த அவப்பெயருக்கு அஞ்சியே பல பெண்கள் பரிசோதனையைத் தவிர்க்கின்றனர். ஆணாதிக்கச் சிந்தனை நேரடியாக உயிரைக் குடிக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

‘ஏ.எஸ்.சி.யு.எஸ்.’ என்றிருந்தால், செல்களில் பொருள் தெளிவாகாத சிறு மாற்றம் உள்ளது என்று பொருள். ‘எல்.எஸ்.ஐ.எல்.’ என்பது குறைந்த நிலை மாற்றம். திசு அறிக்கையில் இதற்கு இணையானது ‘சி.ஐ.என். 1’. ‘கொய்லோசைட்’ என்ற சொல் வைரஸ் தொற்றிய செல்லைக் குறிப்பது. இவை பெரும்பாலும் வைரஸ் தொற்றின் தற்காலிக அடையாளங்கள்; பெரும்பான்மை தாமாகவே மறைகின்றன. இவற்றுக்குத் தேவை வைரஸ் பரிசோதனை, தேவைப்பட்டால் திசுப் பரிசோதனை, குறித்த இடைவெளியில் தொடர் கண்காணிப்பு. எச்.ஐ.வி. தொற்றுடன் வாழும் பெண்களில் மாற்றங்கள் விரைவாக முற்றக்கூடும் என்பதால் அவர்களுக்குக் கண்காணிப்பு இன்னும் நெருக்கமாக இருக்க வேண்டும்.

அலட்சியம் கூடாத எல்லை

‘ஹெச்.எஸ்.ஐ.எல்.’, ‘சி.ஐ.என். 2’, ‘சி.ஐ.என். 3’ என்ற சொற்கள் அறிக்கையில் இருந்தால் நிலைமை வேறு. இது உயர்நிலை மாற்றம். இன்னும் புற்றுநோயன்று, ஆனால் சிகிச்சையின்றி விட்டால் புற்றாகும் வாய்ப்பு கணிசமானது.

எவ்வளவு கணிசமானது என்பதை நியூசிலாந்து கசப்பான முறையில் உலகுக்குக் கற்பித்தது. ஆக்லாந்து நகரின் தேசிய மகளிர் மருத்துவமனையில் 1966இல் தொடங்கி ஹெர்பர்ட் கிரீன் என்ற மகப்பேறு மருத்துவர், இத்தகைய மாற்றம் புற்றாக முற்றாது என்ற தமது கருத்தை நிறுவுவதற்காகப் பல பெண்களுக்கு முறையான சிகிச்சை தராமல் வெறுமனே கவனித்து வந்தார். தங்கள் அறிக்கையில் என்ன எழுதப்பட்டுள்ளது, தாங்கள் ஓர் ஆய்வின் பகுதி என்பது எதுவும் அப்பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. சான்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இரு பெண்ணியச் செயற்பாட்டாளர்கள் 1987இல் எழுதிய கட்டுரை இதை அம்பலப்படுத்திற்று. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் தலைமையில் விசாரணை நடந்து, 1988இல் அறிக்கை வெளியாயிற்று. பின்னர் நடந்த ஆய்வில், ‘சி.ஐ.என். 3’ நிலையில் போதிய சிகிச்சையின்றி விடப்பட்டவர்களில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்கு 30 ஆண்டுகளுக்குள் புற்றுநோய் வந்தது தெரியவந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களிடையே அது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

இந்த இரு எண்களுக்கும் இடையில்தான் ஒரு பெண்ணின் உயிர் இருக்கிறது. அந்த முறையான சிகிச்சை பெரும் அறுவையும் அன்று. மாற்றமடைந்த பகுதியை வெப்பத்தால் சுட்டோ, உறைய வைத்தோ அழிக்கலாம். மின்கம்பி வளையத்தால் அப்பகுதியை மட்டும் அகற்றலாம். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கருப்பையை இழக்க வேண்டியதில்லை. வெப்பச் சிகிச்சைக் கருவியைப் பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இயக்க முடியும்.

‘ஊடுருவிய கார்சினோமா’ என்று திசு அறிக்கை சொன்னால் மட்டுமே அது புற்றுநோய். அப்போதும் அறிக்கையில் உள்ள ‘கிரேடு’ என்பது வேறு, நோயின் ‘ஸ்டேஜ்’ என்பது வேறு. முன்னது செல்களின் தோற்றத்தைக் குறிப்பது. பின்னது நோய் எவ்வளவு தூரம் பரவியுள்ளது என்பதைக் குறிப்பது. அதை அறிய மேலும் பரிசோதனைகள் தேவை. இங்கும் அவசர அறுவை ஆபத்தானது. பயாப்சி செய்யாமல் சாதாரண முறையில் கருப்பையை அகற்றிய பின், உள்ளே புற்றுநோய் இருந்தது தெரியவந்தால் அது போதுமான சிகிச்சை ஆகாது. அடுத்த சிகிச்சையும் சிக்கலாகிறது. தேவையற்ற அறுவை, நோயற்ற பெண்ணுக்கு மட்டுமல்ல, நோயுற்ற பெண்ணுக்கும் தீங்கு செய்கிறது.

அச்சம் சரக்காகும்போது

அறியாமையின் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதற்குச் சான்றுகள் குவிந்துள்ளன. ராஜஸ்தான், பீகார், சத்தீஸ்கர் மாநிலங்களில் ஏழைப் பெண்களுக்குத் தேவையின்றிக் கருப்பை அகற்றப்பட்டது குறித்து 2013இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது. ஒன்றிய அரசின் அன்றைய காப்பீட்டுத் திட்டத்தின் பணத்தைப் பெறுவதற்காகத் தனியார் மருத்துவமனைகள் இதைச் செய்தன என்ற குற்றச்சாட்டு அவ்வழக்கில் முன்வைக்கப்பட்டது. தீர்ப்பு வர பத்து ஆண்டுகள் ஆயின. 2023 ஏப்ரலில், தேவையற்ற கருப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் இதன் மற்றொரு கொடிய வடிவம். அங்கிருந்து ஆண்டுதோறும் கரும்பு வெட்டச் செல்லும் குடும்பங்களில், மாதவிலக்கு நாளில் ஓய்வெடுத்தால் கூலி போகும். ஒப்பந்தக்காரருக்கு அபராதமும் கட்ட வேண்டும். 2019இல் அம்மாநிலத்தில் நடந்த விசாரணையின்போது, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 82 ஆயிரம் பெண் கரும்புத் தொழிலாளர்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருப்பது வெளிவந்தது. கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத வயலோரக் குடிசை வாழ்வு தொற்றைத் தருகிறது. தொற்றுக்கு மருந்து தரவேண்டிய இடத்தில் ‘புற்றாகிவிடும்’ என்ற அச்சம் தரப்படுகிறது. கூலி இழப்பு அந்த அச்சத்துக்குத் துணை நிற்கிறது. வறுமை, ஒப்பந்தமுறை, தனியார் மருத்துவம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பெண்ணின் உடலில் கையெழுத்திடுகின்றன.

காப்பீட்டை மையமாகக் கொண்ட கொள்கை இப்போக்கை வளர்க்கிறது. ஆயுஷ்மான் பாரத் காப்பீடு, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே முதன்மையாகப் பணம் தருகிறது. செல் பரிசோதனை, வைரஸ் பரிசோதனை, தொடர் கண்காணிப்பு, அறிக்கையை அமர்ந்து விளக்கும் ஆலோசனை ஆகியவை வெளிநோயாளர் பிரிவுக்குரியவை. நோயைத் தடுப்பதில் இலாபம் இல்லை. உறுப்பை அகற்றுவதில் இலாபம் உண்டு. இதில் தனிப்பட்ட மருத்துவரின் நேர்மையை மட்டும் குறை கூறிப் பயனில்லை. பணம் எந்தத் திசையில் பாய்கிறதோ அந்தத் திசையில் மருத்துவமும் இழுக்கப்படுகிறது.

ஏழைப் பெண்கள் தந்த அறிவு, ஏழைப் பெண்களுக்குத் திரும்பாத அறிவு

இந்நோயை எளிய முறையில் தடுக்க முடியும் என்பதை உலகுக்கு நிறுவிய முக்கிய ஆய்வுகள் இந்திய மண்ணில் நடந்தவை. மும்பையின் குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களிடையே நடந்த ஆய்வில், பத்தாம் வகுப்பு படித்த உள்ளூர்ப் பெண்களே சில வாரப் பயிற்சி பெற்று, நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையைச் செய்தனர். கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 31 விழுக்காடு குறைந்தன. உஸ்மானாபாத் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வு, ஒரே ஒருமுறை செய்த வைரஸ் பரிசோதனை மரணங்களை ஏறத்தாழ பாதியாகக் குறைத்ததைக் காட்டியது. தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் செவிலியர்கள் செய்த சோதனையும் மரணங்களைக் கணிசமாகக் குறைத்தது.

இந்த ஆய்வுகளில் ஒப்பீட்டுக்காகப் பரிசோதனையின்றி விடப்பட்ட பெண்களும் இருந்தனர். அவர்களுள் நிகழ்ந்த மரணங்கள் மருத்துவ அறம் குறித்துக் கடும் விமர்சனத்தை எழுப்பின. அப்பெண்களின் உடல்களிலிருந்து பெறப்பட்ட அறிவுக்கு நாடு பட்டுள்ள கடன் பெரிது. அக்கடனை அடைக்கும் ஒரே வழி, அந்தப் பரிசோதனையை எல்லாப் பெண்களுக்கும் கொண்டு சேர்ப்பது. 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை என்ற வழிகாட்டுதலை 2016இலேயே ஒன்றிய அரசு வெளியிட்டது. ஆனால் 1.9 விழுக்காடு என்ற எண் அதற்குப் பிறகு எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் வந்தது. இப்பணியின் முதற்படியைச் சுமக்கும் ஆஷா ஊழியர்கள் இன்றும் ‘தன்னார்வலர்’ என்ற பெயரில் ஊக்கத்தொகைக்கு உழைக்கின்றனர். பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை அளித்த வாக்குறுதி தாளிலேயே நிற்கிறது.

தடுப்பூசி பற்றியும் தெளிவு தேவை. 2009இல் ஆந்திரத்தின் கம்மம், குஜராத்தின் வடோதரா மாவட்டங்களில் ஓர் அந்நிய நிறுவனம் நடத்திய தடுப்பூசித் திட்டத்தில், விடுதிகளில் தங்கிப் படித்த ஆதிவாசிச் சிறுமிகளுக்குப் பெற்றோரின் முறையான ஒப்புதலின்றி ஊசி போடப்பட்டதை ஜனநாயக இயக்கங்கள் எதிர்த்தன. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழுவும் அதைக் கண்டித்தது. அந்த எதிர்ப்பு தடுப்பூசி அறிவியலுக்கு எதிரானதன்று. ஏழைச் சிறுமிகளைச் சோதனைப் பொருளாக்குவதற்கு எதிரானது. பூடான் 2010இலும் ருவாண்டா 2011இலும் இலங்கை 2017இலும் தேசிய அளவில் இத்தடுப்பூசியைக் கொண்டுவந்தன. ஒப்புதலுடனும் கண்காணிப்புடனும், பொதுத் திட்டத்தின் வழியாக, இலவசமாக எல்லாச் சிறுமிகளுக்கும் அது கிடைக்க வேண்டும் என்பதே சரியான கோரிக்கை. அதேவேளையில், இன்று முப்பது வயதைக் கடந்துவிட்ட பெண்களுக்குத் தடுப்பூசி பரிசோதனையின் இடத்தை நிரப்பாது.

எழுப்ப வேண்டிய கோரிக்கைகள்

ஒன்று: ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கருப்பைவாய்ப் பரிசோதனை, வைரஸ் பரிசோதனை, வெப்பச் சிகிச்சை ஆகியவை இலவசமாகக் கிடைக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளில் நோய்க்குறியியல் நிபுணர் பணியிடங்கள் நிரப்பப்பட வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு அறிக்கையுடனும், அதன் பொருளையும் அடுத்த படியையும் கூறும் ஒரு பக்க விளக்கம் அப்பெண் அறிந்த மொழியில் தரப்பட வேண்டும். தாராவியில் வாழும் தமிழ்ப் பெண்ணுக்கும் சென்னையில் கட்டட வேலை செய்யும் ஒடியா பெண்ணுக்கும் இவ்வுரிமை ஒன்றே.

மூன்று: பரிசோதனை நாளுக்கும் தொடர் சிகிச்சை நாளுக்கும் ஊதியத்துடன் விடுப்பு அளிக்கப்பட வேண்டும். இது முறைசாராத் தொழிலாளர்களையும் உள்ளடக்க வேண்டும்.

நான்கு: கருப்பை அகற்றும் ஒவ்வொரு அறுவையும் காரணத்துடன் பதிவு செய்யப்பட்டுத் தணிக்கைக்கு உட்பட வேண்டும். அகற்றப்பட்ட உறுப்பு கட்டாயமாகத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டு, அதன் அறிக்கை அப்பெண்ணிடம் தரப்பட வேண்டும்.

ஐந்து: ஆஷா ஊழியர்களுக்குத் தொழிலாளர் தகுதியும் குறைந்தபட்ச ஊதியமும் வழங்கப்பட வேண்டும்.

இக்கோரிக்கைகள் வெல்லும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு ஒழுங்குவிதி. ஆவணங்களைப் பெறவும், மற்றொரு மருத்துவரின் கருத்தை நாடவும் நோயாளிக்கு உரிமையுண்டு என்பதைத் தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைச் சாசனமும் வலியுறுத்துகிறது. கிளை தோறும், மாதர் அமைப்பின் அலகு தோறும், இரண்டு மூன்று தோழர்கள் இச்சொற்களைக் கற்று வைத்திருந்தால் போதும். அறிக்கையுடன் அஞ்சி நிற்கும் பெண்ணுடன் அரசு மருத்துவமனை வரை செல்லலாம். இது சந்தேகமா, உறுதி செய்யப்பட்டதா? திசுப் பரிசோதனை நடந்ததா? குறைந்த நிலையா, உயர்நிலையா? கருப்பையைக் காக்கும் சிகிச்சை உண்டா? இந்த நான்கு கேள்விகளை அப்பெண்ணே கேட்கும்படி துணை நிற்கலாம். அவசர அறுவையிலிருந்து ஒருவரையும், அலட்சியத்தால் வரும் மரணத்திலிருந்து இன்னொருவரையும் அது காப்பாற்றும்.